நர்ஸின் பிள்ளை

ஆறாம் வகுப்பில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். தாயின் தொழில் என்ற இடத்தில் 'நர்ஸ்' என்று எழுதியிருந்தேன். தமிழாசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'செவிலியர்' என்று திருத்திக் கொடுத்தார். புதிய சொல் கிடைத்த பெருமையோடு வீட்டுக்கு ஓடினேன். ஐந்து வருஷம் கழித்து, மேல்நிலை வகுப்பில் அகத்திணை நடந்தது. செவிலித்தாய் என்பவள் தலைவியைப் பெறாமல் வளர்த்தவள் என்று அம்மையார் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெஞ்சுக்காரி என் காதில் கேட்டாள்: "அப்ப உங்கம்மா உன்னைப் பெத்தவங்க இல்லையாடி?"

அம்மாவிடம் சொன்னேன். அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் வார்டில் நைட் டியூட்டி முடித்து வந்து கால்களை வெந்நீரில் வைத்திருந்தார். "பேரு எதுவா இருந்தா என்ன, சம்பளம் அதேதானே" என்றார். அன்று அது வேடிக்கையாக இருந்தது. இந்தச் சொல்லின் பழைய கதையைத் தேடிப் போன பிறகு அம்மா சொன்னது வேடிக்கையாகத் தெரியவில்லை. இதன் வரலாறு முழுக்கப் பெயருக்கும் சம்பளத்துக்கும் நடந்த கணக்குதான்.

நர்ஸ் என்றால் இன்று நமக்கு ஊசி, சலைன், வெள்ளைச் சீருடை. அந்த ஆங்கிலச் சொல் பிறந்தபோது அதில் நோயாளியே இல்லை. லத்தீனில் 'நட்ரிரே' என்றால் ஊட்டு, பால் கொடு. அதைச் செய்பவள் 'நட்ரிக்ஸ்'. பிற்கால லத்தீனில் அது 'நட்ரிசியா' ஆகி, பழைய பிரெஞ்சில் 'நுரிஸ்' ஆகி, இங்கிலாந்துக்குள் வந்து நர்ஸ் ஆனது. சத்துணவு என்ற பொருளில் நாம் சொல்லும் நியூட்ரிஷனும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஆக, நர்ஸ் என்பவள் முதலில் பால் கொடுக்கும் பெண். பெரும்பாலும் தன் பிள்ளைக்கு அல்ல, கூலிக்கோ கட்டளைக்கோ இன்னொருத்தியின் பிள்ளைக்கு.

இந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. மாத்திரை அட்டையோடு வரும் மடித்த தாளில் 'நர்சிங் மதர்' இந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது என்று இருக்கும். நர்ஸ் வேலை பார்க்கும் அம்மாக்களுக்கு மட்டும் அந்த மாத்திரை ஆகாது போல என்று சின்ன வயதில் நினைத்து, அம்மாவின் டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறேன். அது பாலூட்டும் தாய் என்று தெரியப் பல காலம் ஆனது. நாற்றுப் பண்ணைக்கு நாம் வைத்திருக்கும் நர்சரி என்ற பெயரும், மழலையர் பள்ளிக்கு வைத்திருக்கும் அதே பெயரும் இந்த வழியில் வந்தவை. நர்சிங் ஹோம் மட்டும் கடல் தாண்டி வந்து பொருள் மாறிவிட்டது. அங்கே அது முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இடம், இங்கே இருபது படுக்கையுள்ள தனியார் மருத்துவமனை. மனத்தில் ஒரு வன்மத்தை வைத்து வளர்ப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைச்சொல்தான். பால் குடித்து வளர்வது எதுவானாலும் நர்ஸ் தேவை போலும்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவள் என்ற பொருள் இந்தச் சொல்லில் ஏறியது சில நூற்றாண்டுகள் கழித்துத்தான். அப்போது குழப்பம் வராமலிருக்க, பால் கொடுப்பவளை 'ஈர நர்ஸ்' என்றும், பால் கொடுக்காமல் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பவளை 'உலர்ந்த நர்ஸ்' என்றும் பிரித்தார்கள். ஒரு பெண்ணின் மார்பு ஈரமா, காய்ந்ததா என்பதை வைத்து அவளது வேலைக்குப் பெயர் சூட்டிய மொழி அது. ஈர நர்ஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில் இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆங்கில இலக்கியத்தில் அதிகம் பேர் அறிந்த நர்ஸ், ஜூலியட்டின் நர்ஸ். 1590களில் ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தில் அவளை எல்லோரும் நர்ஸ் என்றேதான் கூப்பிடுகிறார்கள். மேடையில் வாய் ஓயாமல் பேசுவாள், அசட்டுச் சிரிப்பு மூட்டுவாள். ஜூலியட்டுக்குப் பால் மறக்கடித்த நாளை அவள் விவரிக்கும் இடம் ஒன்று உண்டு. புறாக் கூண்டுச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து மார்பில் கசப்பு மூலிகை தடவினாளாம். நம் ஊரில் வேப்பெண்ணெய் தடவுவதுபோல. பார்வையாளர்கள் சிரிக்கும் அந்தப் பேச்சுக்கு நடுவே, தனக்கு சூசன் என்று ஒரு மகள் இருந்தாள், அவளும் ஜூலியட்டும் ஒரே வயது, சூசன் இப்போது கடவுளிடம் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். சூசன் எப்படி இறந்தாள், அவளுக்குப் பால் கிடைத்ததா என்று நாடகம் சொல்லவில்லை. கேட்பவரும் யாருமில்லை. நானும் கல்லூரியில் இந்த நாடகத்தைப் படித்தேன். தேர்வுக்கு நர்ஸின் நகைச்சுவைப் பாத்திரம் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தது, எழுதினேன். சூசன் என்ற பெயர் என் விடைத்தாளில் இல்லை.

பால் என்பது ஒரு உடம்பிலிருந்து அளவோடு வருவது. இரண்டு பிள்ளைகளுக்கும் போதுமான பால் இருந்த பெண்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பாலை விலைக்கு விற்கும் நிலையில் இருந்த பெண்ணுக்கு வயிறு நிறையச் சோறு கிடைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 1780இல் பாரிஸ் நகரக் காவல் துறையின் தலைவராக இருந்த லெனுவார் ஒரு கணக்குச் சொன்னார். அந்த நகரில் வருஷத்துக்குப் பிறக்கும் ஏறக்குறைய 21,000 குழந்தைகளில், பெற்ற தாயிடம் பால் குடித்தவை ஆயிரத்துக்கும் குறைவு. மிகப் பெரும்பாலானவை கிராமங்களுக்கு, கூலிக்குப் பால் கொடுக்கும் பெண்களிடம் அனுப்பப்பட்டன. அனுப்பியவர்கள் சீமாட்டிகள் மட்டுமல்ல. பட்டுத்தறியிலும் கடையிலும் விடியலிலிருந்து நின்ற உழைக்கும் பெண்களும் அனுப்பினார்கள், ஏனென்றால் மடியில் பிள்ளையோடு அந்த வேலையைச் செய்ய முடியாது. கிராமத்து நர்ஸோ தன் பிள்ளைக்குச் சீக்கிரமே பால் நிறுத்தினாள், அல்லது தன்னைவிட ஏழையான இன்னொருத்தியிடம் கொடுத்தாள். இந்தச் சங்கிலியின் கடைசியில் இருந்த குழந்தைக்கு என்ன கிடைத்தது என்று லெனுவாரின் கணக்கில் இல்லை.

இந்த வழக்கத்தை எதிர்த்து எழுதிய ஆண்களில் ஒருவர், உயிரினங்களுக்குப் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். 1752இல் அவர் எழுதிய ஆய்வுரைக்கு 'மாற்றாந்தாயான செவிலி' என்று பொருள்படும் லத்தீன் தலைப்பு. அதன் முதல் சொல்லே நட்ரிக்ஸ்தான். பெற்றவளே பால் கொடுக்க வேண்டும், கூலிக்காரியின் பால் பிள்ளையின் குணத்தையே கெடுக்கும் என்பது வாதம். ஆறு வருஷம் கழித்து, 1758இல், நாய் பூனை திமிங்கலம் மனிதர் எல்லோரையும் ஒரே வகுப்பில் சேர்த்து அதற்கு 'மம்மேலியா', அதாவது முலையுள்ளவை, என்று பெயர் வைத்தார். அந்த வகுப்பில் பாதி ஆண்கள், அவர்களுக்குப் பால் சுரப்பதில்லை. ரோமம், காது எலும்பு என்று இருபாலருக்கும் பொதுவான அடையாளங்கள் கைவசம் இருந்தும் அவர் ஏன் முலையைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டவர் அறிவியல் வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர். பெண்களை வீட்டுக்குள் பால் கொடுக்க அனுப்பத் துடித்த ஒரு காலத்தின் ஆசை அந்த வகைப்பெயரில் ஒட்டியிருக்கிறது என்பது அவர் பதில். பாலூட்டி என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த சொல் அதன் தமிழ்தான்.

கூலிக்குப் பால் கொடுத்தவளை அந்த அறிஞர் கெட்டவள் ஆக்கினாரே தவிர, அவள் பிள்ளைக்காக அவரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை.

இப்போது தமிழுக்கு வருகிறேன். நர்ஸ் என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடியவர்கள் செவிலி என்பதைக் கண்டுபிடித்தது ஒரு வகையில் வியப்பான பொருத்தம். ஆங்கிலச் சொல்லின் வேர் எந்த மார்பில் இருக்கிறதோ அதே இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாய்மார். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. நிகண்டுகள் ஐவகைத் தாயர் என்று இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும்: குளிப்பாட்டுகிறவள், ஊட்டுகிறவள், தாலாட்டுகிறவள், பேசப் பழக்குகிறவள், கையில் ஏந்துகிறவள். ஒரு செல்வ வீட்டுக் குழந்தைக்கு ஐந்து பெண்களின் உழைப்பு. ஐவருக்கும் தாய் என்ற பட்டம் தாராளமாகக் கிடைக்கிறது. கூலி என்ன என்று நிகண்டு சொல்லாது.

தலைவி காதலனோடு போய்விட்டால் நற்றாய் வீட்டில் இருந்து புலம்புவாள். வெயிலில் பாலை நிலத்து வழியே தேடிப் போவதும், எதிரே வருகிறவர்களிடம் என் மகளைப் பார்த்தீர்களா என்று விசாரிப்பதும் செவிலி. இதைக் காதலின் ஆழம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தேடிப் போகவில்லையென்றால் அவள் நிலை அந்த வீட்டில் என்னவாகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

செவிலிக்கும் பிள்ளை உண்டு. தொல்காப்பியம் களவியலில் அதை வெளிப்படையாகவே சொல்கிறது: தோழி என்பவள் செவிலியின் மகள். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு அகப்பாடல்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தாயின் பாலில் பங்கு கொடுத்தவள், பிறகு வாழ்நாள் முழுக்கத் தன் பேச்சையும் சாமர்த்தியத்தையும் தலைவிக்குக் கொடுக்கிறாள். தூது போகிறாள், காவல் நிற்கிறாள், ஆணோடு வாதாடுகிறாள், அறத்தொடு நிற்கிறாள். அகத்திணையில் மிகுதியாகப் பேசும் குரல்களில் ஒன்று அவளுடையது. அவளுக்கென்று ஒரு காதல் அந்த இலக்கணத்தில் இடம்பெறவில்லை. சூசன் உயிரோடு இருந்திருந்தால் ஜூலியட்டுக்குத் தோழி ஆகியிருப்பாள்.

புறநானூற்றில் ஒரே ஒரு இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. 86ஆம் பாடலைப் பாடியவர் காவற்பெண்டு. அந்தப் பெயருக்குச் செவிலித்தாய் என்று பொருள் சொல்வார்கள், சோழ மன்னன் ஒருவனை வளர்த்தவர் என்றும் சொல்வார்கள். சொந்தப் பெயர் போய்த் தொழிலே பெயராக நிற்கிறது, ஜூலியட்டின் நர்ஸுக்கு நடந்ததுபோல. ஆனால் அந்தச் சின்னப் பாடலில் அவர் பேசுவது வளர்த்த மன்னனைப் பற்றியல்ல. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கும் பெண்ணுக்குத் தன் வயிற்றில் பிறந்தவனைப் பற்றிப் பதில் சொல்கிறார். மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிப் பெருமை கொள்ளும் தாய் என்று அதைப் பாடநூலில் வைத்தார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. செவிலியிடம் உன் பிள்ளை எங்கே என்று ஒருத்தி கேட்கிறாள்.

வெள்ளைக்காரர்கள் சென்னைக்கு வந்தபோது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் செவிலிகள் தேவைப்பட்டார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன இரண்டு சொற்கள் அந்த வேலைக்குப் பயன்பட்டன. 'ஆமா' என்றால் பால் கொடுப்பவள் என்று ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி சென்னை வழக்காகப் பதிந்திருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் 'ஆயா'. வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. சாதி இந்துக்கள் அந்த வீட்டுச் சமையலறையிலும் கழிப்பறையிலும் கை வைக்கத் தயாராக இல்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதிக்கப்படாத பெண்ணின் பால், ஆளும் இனத்துப் பிள்ளையின் உடம்பில் ஓடியது. கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு லண்டன் வரை போன ஆயாக்களில் சிலரைத் திரும்பும் டிக்கெட் கொடுக்காமல் கைவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக அந்த நகரில் ஆயாக்கள் இல்லம் என்று ஒரு விடுதியே நடந்தது. ஆயா என்ற சொல் இன்று நம் மருத்துவமனைகளில் நர்ஸுக்கும் கீழே, பெட்பேன் எடுப்பவளுக்கும் தரை துடைப்பவளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நோயாளியின் பக்கம் நர்ஸ் திரும்பிய கதையை எல்லோரும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலில் தொடங்குவார்கள். அதற்குச் சற்று முன் ஆங்கிலேயர் மனத்தில் இருந்த நர்ஸ், டிக்கன்ஸ் 1840களில் படைத்த சேரி கேம்ப்: குடிகாரி, கையில் பெரிய குடை, நோயாளியின் தலையணையைப் பிடுங்கித் தனக்கு வைத்துக்கொள்பவள். பிரசவம் பார்ப்பதும் பிணத்தைக் குளிப்பாட்டுவதும் அவள்தான். அந்த வேலையைச் செய்த ஏழைப் பெண்கள் எல்லோரும் கேம்ப் அல்ல. ஆனால் அவர்களை அகற்றிவிட்டு நடுத்தர வர்க்கப் பெண்ணைக் கொண்டுவர அந்தக் கேலிச்சித்திரம் வசதியாக இருந்தது.

நைட்டிங்கேல் 1854இல் 38 பெண்களோடு கிரிமியப் போர்முனைக்குப் போனார். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 15 மாணவியரோடு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நர்சிங் பற்றிய அவரது புகழ்பெற்ற புத்தகத்தில், வேறு நல்ல சொல் அகப்படாததால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதாக அவரே ஒப்புக்கொள்கிறார். மருந்து கொடுப்பதும் பத்துப் போடுவதும் மட்டுமே நர்சிங் என்று சொல் சுருங்கியிருந்தது. காற்று, வெளிச்சம், சுத்தம், அமைதி, உணவு எல்லாம் அதற்குள் வர வேண்டும் என்றார். அவர் புள்ளிவிவரத்தில் தேர்ந்தவர், லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். அப்படிப்பட்டவர் அதே புத்தகத்தின் முன்னுரையில், ஒவ்வொரு பெண்ணும் வாழ்வில் ஏதோ ஒரு நேரம் யாரோ ஒருவரின் உடல்நலத்துக்குப் பொறுப்பேற்பதால், ஒவ்வொரு பெண்ணும் நர்ஸ்தான் என்கிறார். அவர் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் எல்லாப் பெண்ணும் இயல்பாகவே செய்யும் வேலைக்கு எவன் நல்ல சம்பளம் கொடுப்பான்?

அதே போரில் ஜமைக்காவிலிருந்து வந்த மேரி சீகோல் இருந்தார். காலரா பார்த்தவர், மருந்து தெரிந்தவர். நர்ஸாகச் சேர விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, சொந்தச் செலவில் கிரிமியா போனார். மருத்துவன் என்ற சொல்லின் பெண்பாலைத்தான் தன் திறமைக்குப் பெயராக வைத்திருந்தார். சிப்பாய்கள் அவருக்குக் கொடுத்த பெயர், மதர் சீகோல். அன்பாகத்தான் அழைத்தார்கள். கறுப்புப் பெண்ணின் மருத்துவ அறிவு அந்த அன்பில் அம்மா ஆகிவிட்டது.

அம்மா இல்லையென்றால் அக்கா. கன்னியாஸ்திரிகள் நடத்திய மருத்துவமனைகளிலிருந்து வந்த 'சிஸ்டர்', இங்கிலாந்தில் வார்டுப் பொறுப்பாளரின் பதவிப்பெயர் ஆனது. தமிழ்நாட்டில் படுத்திருக்கும் நோயாளி முதல் பார்க்க வரும் மாமா வரை எல்லாருக்கும் எல்லா நர்ஸும் சிஸ்டர்தான். 'மேட்ரன்' என்பதிலும் லத்தீன் தாய் ஒளிந்திருக்கிறாள். ஆண்கள் வந்தபோது இந்தக் குடும்பத்தில் அவர்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கிலாந்தில் 1919 சட்டப்படி நர்ஸ்களுக்குப் பதிவேடு வந்தபோது பொதுப் பிரிவு பெண்களுக்கு மட்டும், ஆண்களுக்குத் தனிப் பகுதி. இங்கே 'ஆண் செவிலியர்' என்று முன்னால் ஆண் சேர்த்து எழுதுகிறோம், வார்டில் 'பிரதர்' என்று கூப்பிடுகிறோம். டாக்டரை யாரும் அண்ணே என்று அழைத்து நான் கேட்டதில்லை.

நம் பக்கம் நவீன நர்சிங் பிரசவ அறையிலிருந்து தொடங்கியது. எழும்பூரில் பெண்களுக்கான பிரசவ மருத்துவமனை 1844இல் வந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கினார், 1946இல் அது கல்லூரியானது. நர்ஸ்களையும் மகப்பேற்று உதவியாளர்களையும் பதிவு செய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1926இல் வந்தது. படிக்க வந்தவர்கள் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கிறிஸ்தவப் பெண்கள், ஆங்கிலோ-இந்தியப் பெண்கள், விதவைகள். அந்நியர் உடம்பைத் தொடுவது, இரத்தமும் மலமும் துடைப்பது, ஆண் நோயாளிக்கு இரவில் அருகில் நிற்பது எல்லாம் சாதி இந்துக் குடும்பங்களுக்குத் தீட்டு. மிஷன் பள்ளிகளில் படித்த மதம் மாறிய குடும்பங்களின் பெண்களுக்கோ, அதுவே சொந்தக் காலில் நிற்கக் கிடைத்த வெகு சில வாசல்களில் ஒன்று. 1946இல் வந்த போர் குழு அறிக்கை நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குச் சொன்னது. டாக்டர் 6,300 பேருக்கு ஒருவர். உலகில் நர்ஸ்களைவிட டாக்டர்கள் பல மடங்கு அதிகமாக இருந்த விசித்திர நாடு இது. தீட்டு என்பது புள்ளிவிவரத்தில் இப்படித்தான் தெரியும்.

அதுவரை ஊரில் பிரசவம் பார்த்தவள் மருத்துவச்சி, பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். மருத்துவர் என்பதன் பெண்பால் அது. மருத்துவர் படியேறிப் போய் டாக்டருக்குத் தமிழானார். மருத்துவச்சி கீழேயே நின்று, பிறகு சுத்தமில்லாதவள், பிள்ளைகளைக் கொல்பவள் என்று பெயரெடுத்து மறைந்தாள். இன்று ஒரு பெண் டாக்டரை மருத்துவச்சி என்று கூப்பிட்டால் அடிக்க வருவார். ஏன் அது வசையானது என்று யோசிக்க வேண்டும்.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் செவிலி என்பதில்லை, தாதி என்பார்கள். அந்தச் சொல்லில் இரண்டு வடசொற்கள் ஒரே ஒலிக்குள் வந்து விழுந்திருக்கின்றன. ஒன்று தாத்ரி, பால் கொடுப்பவள். இன்னொன்று தாசி, அடிமைப் பெண். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி தாதி உத்தியோகத்தராக இருக்கிறாள். பின்னால் உத்தியோகத்தர் என்று சேர்ப்பதற்கு நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா என்று ஒருமுறை சிரித்தாள். இந்தியாவிலும் 2016இல் மத்திய அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸ் என்ற பதவியை 'நர்சிங் ஆபீசர்' என்று மாற்றினார்கள். சிஸ்டர் அங்கே தாளிலிருந்து போனது. வாயிலிருந்து போகவில்லை.

பெயர் மாறினால் போதுமா என்றால், அம்மாவின் கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அதே 2016இல், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த வருஷம் நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அரசு அவர்களுக்குக் கொடுத்துவந்தது மாதம் 7,700 ரூபாய். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். சேவை மனப்பான்மை உள்ளவர்கள் இப்படிச் செய்யலாமா என்று பேசினார்கள். தாய் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பதுதான் அதன் பொருள். டாக்டர்கள் போராடும்போது அவர்கள் தந்தைகள் அல்லவா என்று யாரும் கேட்பதில்லை.

வார்டுக்குள் தாயாகவும் தமக்கையாகவும் இருப்பவள், வெளியே வந்தால் வேறு. நைட் டியூட்டி பார்க்கும் பெண்ணைப் பற்றித் தெருவில் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் அக்காவுக்கு வந்த வரன் ஒன்று, பெண்ணின் தாய் நர்ஸ் என்று தெரிந்ததும் ஜாதகம் பொருந்தவில்லை என்று நின்றது. பொருந்தாதது ஜாதகம் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும்.

போன வருஷம் இந்தக் கட்டுரைக்காக அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு இப்போது பேறுகால விடுப்பு 12 மாதம். 2011க்கு முன்பு வெகு காலம் 90 நாள்தான். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் அந்த விடுப்பைக் கேட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நான் பிறந்து 90 நாளில் அம்மா குழந்தைகள் வார்டுக்குத் திரும்பியிருக்கிறார். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். எட்டு மணி நேர டியூட்டியில் ஏதாவது ஒரு குழந்தை அழுதாலே பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடுமாம். வெள்ளைச் சேலை மறைக்காது. கழிப்பறைக்குப் போய்க் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, மேலே துண்டு வைத்துக் கட்டிக்கொண்டு வருவாராம். ஒருநாள் தாய் இறந்த பச்சைக் குழந்தை ஒன்று வார்டில் பாலுக்கு அழுதது. மறைவாகத் தூக்கிப்போய்க் கொடுத்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன்.

"பவுடர் பால் உனக்கு ஒத்துக்கலை. வயித்தால போயிட்டே இருந்துச்சு. பின்தெருவுல ஒருத்தி இருந்தா, கைப்பிள்ளைக்காரி. பகல்ல உன்னை அவகிட்ட விட்டுட்டுப் போவேன்."

"பால் கொடுத்தாங்களா?"

"கொடுத்தா. ஆறு மாசம்."

"என்ன கொடுத்தீங்க அவங்களுக்கு?"

அம்மா யோசித்தார். அரிசி கொடுத்தோம், தீபாவளிக்குச் சேலை எடுத்தோம், பழைய துணி எல்லாம் கொடுப்போம் என்றார். மாசத்துக்கு இவ்வளவு என்று எதுவும் இல்லை. அவர்கள் எந்த ஆட்கள் என்று நான் கேட்கவில்லை, பின்தெரு என்றாலே எங்கள் ஊரில் அது தெரிந்துவிடும். பின்வாசல் வழியாகத்தான் வருவாள் என்று அம்மாவே சொன்னார்.

"பேர் என்னம்மா?"

நெடுநேரம் யோசித்தார். "ஆயாம்மான்னுதான் கூப்பிடுவோம். சின்னப் பொண்ணுதான், இருபத்திரண்டு இருக்கும். பேரு வாயில வரமாட்டேங்குது." பிறகு நான் எழுந்து காபி போடப் போனபோது அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"அவ மக பேரு செல்வி. உன் வயசுதான். நோஞ்சானா இருக்கும் அந்தப் பிள்ளை."